விடுதலையான இருவர்

“இத்தகைய படங்கள் நம் இனத்துக்கே இழுக்கு” என்றொரு குரல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சில ஆண்டுகளாக ஒலித்துவருகின்றது. இக்குரலை எழுப்புவோர் சாமானியரல்லர். சங்கங்களில் தலைமை வகிப்போர், ஆலயக் கமிட்டிகளில் அமர்ந்திருப்போர், எந்த விழாவானாலும் முதல் வரிசை நாற்காலியும் கழுத்து நிறைய மாலையும் தமக்கே உரியவை என்று எண்ணியிருப்போர் ஆகிய பெரிய மனிதர்களே இதனை முதலில் எழுப்புகின்றனர். பிறகு அதுவே கடைத்தெருவுக்கும் காப்பிக்கடைக்கும் தோட்டத்து லயத்துக்கும் வந்து சேர்கின்றது. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் படத்தைப் பாராதவரும் அதனைப் பழிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

எத்தகைய படங்களை இவர்கள் இழுக்கு என்கின்றனர்? பகட்டான ஆடையும் ஆட்டமும் பாட்டும் இல்லாத படங்களை. பெரிய முதலாளிகளின் பணமின்றிச் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட படங்களை. சிறை சென்று மீண்டவன், குடிகாரன், போதைக்கு அடிமையானவன், உடலை விற்றுப் பிழைப்பவள் ஆகியோரின் வாழ்வை உள்ளது உள்ளபடி காட்டும் படங்களை. இவற்றின் கதை இருண்டது, முடிவு மகிழ்ச்சியற்றது. இவற்றில் வருவோர் உற்றாரும் ஊராரும் கைவிட, முன்பின் அறியாத ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்கும் மனிதர்கள். இவர்களைத் திரையில் காட்டலாகாதாம். காட்டினால் பிற இனத்தார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களாம்?

இக்கேள்விக்கு விடையிறுக்கவே இதனை எழுதுகின்றோம். பிற இனத்தார் நினைப்பது ஒருபுறம் இருக்கட்டும். நம்மைப் பற்றி நாமே என்ன நினைக்கின்றோம் என்பதை 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு படங்கள் வெட்டவெளிச்சமாக்கிவிட்டன.

ஒரே ஆண்டு, ஒரே கதை

முதற்படம் ‘கபாலி’. அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் வந்தது. பா. இரஞ்சித் இயக்கிய அப்படத்தில் கபாலியாக நடித்தவர் ரஜினிகாந்த் என்பதை அறியாத தமிழர் இல்லை. கதை நடப்பது பெரும்பாலும் மலேசியாவில். தோட்டத் தொழிலாளரின் ஊதிய உரிமைக்காகக் குரல் கொடுத்துத் தலைவனான ஒருவன், குண்டர் கூட்டங்களின் பகையில் சிக்கி, 25 ஆண்டுகள் சிறையில் கிடந்து வெளியே வருகின்றான். வந்தவன் தன் மனைவியையும் மகளையும் தேடுகின்றான்.

இரண்டாவது படம் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. ‘எ யெல்லோ பேர்ட்’ என்னும் ஆங்கிலப் பெயர் கொண்டது. நாம் அதனை ‘மஞ்சள் பறவை’ என்போம். இயக்கியவர் சிங்கப்பூர்த் தமிழரான கே. ராஜகோபால். 1995 முதல் 1997 வரை அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் தம் குறும்படங்களுக்காகச் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றவர் அவர். அத்தகையவர் தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்து முடிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. இந்தப் படத்திலும் ஒருவன் சிறையிலிருந்து விடுதலையாகின்றான். அவன் பெயர் சிவா. சிவகுமார் பாலகிருஷ்ணன் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். வந்தவன் தன் மனைவியையும் மகளையும் தேடுகின்றான்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகின்றோம். ஆண்டு ஒன்றே. இருவரும் தமிழர், இருவரும் சிறை மீண்டவர், இருவரும் மனைவி மக்களைத் தேடி அலைபவர். ஆயினும் இவ்விருவரையும் நம் சமூகம் வரவேற்ற விதத்தைப் பாருங்கள்!

கபாலிக்கு எத்தகைய வரவேற்பு! விடிவதற்கு முன்பே திரையரங்குகளின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. ஆகாய விமானத்தின் மேனியிலே அவர் உருவம் எழுதப்பட்டது. திருமண மண்டபங்களில் மாப்பிள்ளைத் தோழர்கள் அவரைப் போலக் கோட்டு அணிந்து நின்றனர். குண்டர் தலைவன் கதையாயிற்றே, இது நம் இனத்துக்கு இழுக்கன்றோ என்று கேட்ட பெரியவர்களின் குரல் அந்த ஆரவாரத்தில் எவர் காதிலும் விழவில்லை. மலேசியாவில் காட்டிய பிரதியில் மட்டும், கபாலி போலீசாரிடம் சரணடைந்தான் என்று ஒரு வாசகத்தை இறுதியில் சேர்த்தார்கள். சட்டத்தின் மானம் அந்த ஒரு வரியால் காப்பாற்றப்பட்டது!

சிவாவுக்கு நேர்ந்ததோ வேறு. மே மாதத்தில் பிரான்சு தேசத்துக் கான் நகரிலே, விமர்சகர் வாரம் என்னும் பிரிவில் அப்படம் காட்டப்பட்டது. அது பெருமைதான் என்று பத்திரிகையில் படித்துத் தலையாட்டினோம். பின்னர் அப்படம் சிங்கப்பூர் அரங்குக்கு வந்தபோது, கபாலிக்கு முண்டியடித்த கூட்டத்தை அங்கே காணோம். “ஒரே இருட்டு, ஒரே அழுகை, நம்மவனை இப்படியா காட்டுவது?” என்று பார்த்தவர் சிலரும் பாராதவர் பலரும் உதட்டைப் பிதுக்கினர்.

கபாலியை நாம் குறை கூற வரவில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலியைப் பற்றி ஒரு பெரும்படத்தில் பேசத் துணிந்தமைக்காக அதன் இயக்குநருக்கு நம் வந்தனம் உரியது. நம் கேள்வி பார்த்தவர்களை நோக்கியது. சிறை மீண்டவன் கோட்டு அணிந்து, பகைவரைச் சுட்டு வீழ்த்தி, கால்மேல் கால் போட்டு அமர்ந்தால் அவன் நம் தலைவன்; அதே மனிதன் சட்டை கசங்கி, வேலையின்றி, படுக்க இடமின்றி நின்றால் அவன் நம் இனத்துக்கு இழுக்கு! இது நியாயமா? நமக்கு வெறுப்பு குற்றத்தின் மேல் இல்லை, தோல்வியின் மேல்தான் என்பது இதனால் விளங்கவில்லையா?

படம் சொல்வது யாது?

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருங்கக் கூறுவோம். கடத்தல் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த சிவா, அடுக்குமாடி வீட்டிலுள்ள தாயிடம் திரும்புகின்றான். தாய் அவனை மன்னிக்கவில்லை. அவன் இருந்த அறையைச் சீனாவிலிருந்து பிழைக்க வந்தோருக்கு வாடகைக்கு விட்டிருக்கின்றாள். இந்தத் தாயாக நடித்தவர் சீமா பிஸ்வாஸ். 1994-ஆம் ஆண்டின் ‘பாண்டிட் குயின்’ படத்தில் பூலான் தேவியாக நடித்துப் புகழ்பெற்றவர். கத்தி அழுது மார்பில் அடித்துக்கொள்ளும் தாய்மாரையே திரையில் கண்டு பழகிய நமக்கு, பேசாமலிருந்தே மகனைத் தண்டிக்கும் இத்தாய் புதியவள்.

சொந்த வீட்டிலேயே அந்நியனாகிவிட்ட சிவா, சீனர் சாவு ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கும் கூட்டத்தில் கூலிக்குச் சேர்கின்றான். அங்கே சென் சென் என்னும் சீன தேசத்துப் பெண்ணைச் சந்திக்கின்றான். அவளாக நடித்தவர் ஹுவாங் லு. அவள் உரிய அனுமதியின்றித் தங்கிப் பணம் தேடுபவள். காட்டு மறைவில் உடலை விற்பவள். இவனுக்கு அவள் மொழி தெரியாது. அவளுக்கு இவன் மொழி தெரியாது. ஊர் கைவிட்ட இவ்விருவரிடையேயும் ஒரு பிணைப்பு உண்டாகின்றது. அதற்குக் காதல் என்று பெயரிட நாம் துணியமாட்டோம். ஆற்று வெள்ளத்தில் போகின்ற இருவர் ஒரே கட்டையைப் பற்றுவது போன்றது அது. தேடிய மனைவி மக்களைப் பற்றிய உண்மையை இறுதியில் சிவா அறிகின்றான். அது யாதென்று இங்கே சொல்லமாட்டோம். படத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

மஞ்சள் பறவை கண்ணிற்பட்டால் நல்ல சேதி வரும் என்பது ஒரு பழைய நம்பிக்கை. இத்தகைய சகுனங்களில் நமக்கு நம்பிக்கையில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கதவுகள் யாவும் சாத்தப்பட்டவன் வானத்துப் பறவையையன்றி வேறு எதனைப் பார்ப்பான்?

இப்படம் குற்றமற்றது என்று நாம் வாதிடவில்லை. நடை மிக மெதுவானது. பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்திலும் பேசாதிருக்கின்றனர். சென் சென்னின் துயரத்தைப் பெரும்பாலும் சிவாவின் கண்கொண்டே பார்க்கின்றோம். அவள் கண்ணால் பார்க்க வாய்ப்புக் குறைவு. கலையின் பேரால் இக்குறைகளைச் சொல்லுவோரோடு அமர்ந்து விவாதிக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். ஆனால் “இழுக்கு” என்போர் கலையைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் பேசுவது மானத்தைப் பற்றி. ஆகவே மானத்தைப் பற்றியே நாமும் பேசுவோம்.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது ஆட்சேபம், இப்படங்கள் நம்மவரின் குறைகளைப் பிறர் முன் விரிக்கின்றன என்பது. அன்பர்களே, பிறர் அறியாத குறை எதனை இப்படம் சொல்லிவிட்டது? நம் இளைஞர் குண்டர் கும்பலில் சேர்வதைப் பிறர் அறியாரா? போலீஸ் அறியாதா? நீதிமன்றம் அறியாதா? சிறைச்சாலையின் வாசலில் ஒரு நாள் நின்று, பார்வையாளர் நேரத்தில் உள்ளே போகும் தாய்மாரின் முகங்களைப் பார்த்தால் தெரியுமே! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையில் நாம் தேர்ந்தவர்கள். ஆனால் சோறு நம் இலையிலேதான் இருக்கின்றது, தின்று தீர்க்க வேண்டியவரும் நாமே என்பதை மறந்துவிடுகின்றோம்.

இரண்டாவது ஆட்சேபம், வெள்ளைக்காரன் கைதட்டுவதற்காக நம் வறுமையை இவர்கள் கப்பலேற்றுகின்றார்கள் என்பது. இதனைச் சொல்லுவோரை ஒன்று கேட்கின்றோம். 2008-ஆம் ஆண்டில் எரிக் கூ என்னும் சிங்கப்பூர் இயக்குநர் ‘மை மேஜிக்’ என்னும் படத்தை எடுத்தார். குடியில் வீழ்ந்த ஒரு மந்திரவாதி, தன் சிறுவனை வளர்க்கக் கண்ணாடியைத் தின்றும் தீயை விழுங்கியும் உடலை வதைத்துப் பணம் தேடும் கதை. மெய்யாகவே மந்திர வித்தை செய்யும் போஸ்கோ பிரான்சிஸ் அதில் நடித்தார். படத்தின் மொழி தமிழ். கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குச் சென்ற முதல் சிங்கப்பூர்ப் படம் இந்தத் தமிழ்ப் படமே. நான்கு ஆட்சி மொழிகள் வழங்கும் அந்நாட்டுக்கு இப்பெருமையைத் தேடித் தந்தது நம் மொழி! எடுத்தவரோ சீனர். இதனை எத்தனை தமிழ் வீடுகள் கொண்டாடின? எத்தனை தமிழ்ப் பள்ளிகள் அப்படத்தின் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லின? நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் முதலில் கைதட்டியிருந்தால், அயலான் கைதட்டலை அவன் ஏன் நாடப்போகின்றான்? வாசலில் நின்ற பிள்ளையை உள்ளே அழைக்காதவர், அவன் அடுத்த வீட்டில் சாப்பிட்டான் என்று கோபிப்பதற்கு யோக்கியதை உடையவர் ஆவரோ?

மூன்றாவது ஆட்சேபம் பெரியவர்களுடையதன்று, உழைப்பாளியுடையது. “நாளெல்லாம் வெயிலில் குலை வெட்டிச் சுமந்து வருகின்றோம். ஒரு நாள் படம் பார்க்கப் போனால் அங்கேயும் அழ வேண்டுமா?” என்று அவர் கேட்கின்றார். இதற்கு நாம் தலைவணங்குகின்றோம். களைத்தவனுக்குச் சிரிப்பும் பாட்டும் வேண்டும். அதை மறுப்பவன் மனிதனல்லன். ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் நம்மைவிடக் குறைவாகவா உழைத்தனர்? பால்மரம் வெட்டிப் பால் சுமந்து காய்ந்த கைகளோடு, அவர்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது எது? சுடுகாட்டிலே பெற்ற மகனின் பிணத்துக்கு வாய்க்கரிசி இல்லாமல் சந்திரமதி கதறும் அரிச்சந்திரன் கூத்தை அன்றோ? பஞ்சம் பிழைக்க வந்த இடத்திலே வஞ்சிக்கப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் விழுந்த நல்லதங்காள் கதையை அன்றோ? அவற்றைவிட இருண்ட கதை உண்டா? அவற்றை எவரும் இனத்துக்கு இழுக்கென்று சொன்னதில்லை. அழுது முடித்தபின் நெஞ்சு இலேசாயிற்று என்றே சொன்னார்கள்.

நல்லதங்காள் கதையில் ஊரார் சபித்தது யாரை? பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்தவளையா? இல்லை. பசியோடு பிள்ளைகளை அழைத்து வந்த நாத்தியைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்ட மூளி அலங்காரியைத்தான். எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கு, குற்றம் கிணற்றடியில் தொடங்கவில்லை, கதவடியிலேயே தொடங்கிவிட்டது என்பது தெரிந்திருந்தது. கல்லூரி கண்ட நமக்கு அது தெரியவில்லை. நாம் கதவைச் சாத்தியவள் பக்கம் நின்றுகொண்டு, கிணற்றைக் காட்டாதே என்கின்றோம்!

சிவா எங்கிருந்து வந்தான்?

நிற்க. சிவா போன்றவர் வானத்திலிருந்து குதித்தவரல்லர். அவர்கள் புறப்பட்ட இடத்தைக் காண வேறொரு படத்துக்குச் செல்லவேண்டும். அது மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘ஜகாட்’. கெட்டவன் என்னும் பொருள்படும் ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல்லை நம்மவர் உச்சரிக்கும் விதமே படத்தின் பெயர். 1990-களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்துவிட்ட மணியம், தன் மகன் அப்போய் படித்து முன்னேற வேண்டும் என்று அடித்து அடித்து வளர்க்கின்றான். பையனோ சூட்டிகையானவன், கற்பனை மிக்கவன். அந்தக் கற்பனைக்குப் பள்ளியிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை. மணியத்தின் தம்பியருள் ஒருவன் குண்டர் கும்பலில். மற்றொருவன் போதையால் சிதைந்தவன். பையன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதே கதை.

ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது நடந்ததை நம்மில் முதியோர் அறிவர். வேலை மட்டும் போகவில்லை. லயத்து வீடு போயிற்று; கோயில் போயிற்று; தமிழ்ப் பள்ளி போயிற்று; ‘அது யார் மகன்?’ என்று கேட்டுக் கண்டிக்கும் கிழவர்களின் அதட்டலும் போயிற்று. நகரத்தின் ஓரத்தில் தகரக் கூரையின்கீழ், ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் நெருக்கிக் கிடந்தன. நூறாண்டுக் காலம் காட்டை அழித்துத் தோட்டம் உண்டாக்கியவர்கள், நகரத்துக்கு வந்ததும் யாரோ ஆனார்கள். இதனை ஒருவனும் திட்டமிட்டுப் பாவம் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் விளைவு கண்முன் நிற்கின்றது.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் தொழிலில் உள்ள நமக்குச் செக்ரோல் புத்தகத்தைப் பற்றித் தெரியும். ஒரு பெயரைச் சிவப்பு மையினால் அடிப்பதற்கு ஒரு விநாடி போதும். அடிக்கப்பட்ட பெயருக்குரியவன் எங்கே போனான் என்று எந்தப் புத்தகத்திலும் பத்தி இல்லை. ‘ஜகாட்’ அந்த இல்லாத பத்தியை எழுதிய படம். ‘மஞ்சள் பறவை’ வேறு நாட்டிலே, வேறு சட்டத்தின் கீழே, அதே பத்தியின் கடைசி வரியை எழுதிய படம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், சிறை மீண்டு வந்த மகனுக்கு வேலை கேட்டு ஒரு தாய் வந்தாள். நிர்வாகம்கூட யோசிப்போம் என்றது. “அவன் இங்கே வந்தால் பிள்ளைகள் கெட்டுவிடும், வேண்டாம்” என்று ஆபீசுக்கு வந்து சொன்னவர்கள் நம்மவரே, அந்தத் தாயோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். நாம் எடுத்துச் சொன்னது எடுபடவில்லை. அவன் பட்டணத்துக்குப் போனான். அதற்குப்பின் அவனைப் பற்றிச் சேதியில்லை. அவ்வாறு வேண்டாம் என்றவர்களே, கபாலி வந்தபோது வண்டி பிடித்துக் குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அந்நியர் யார்?

2016-ஆம் ஆண்டில் மற்றொரு காரியமும் நடந்தது. மலேசியத் திரைப்பட விழாவின் 28-ஆவது ஆண்டில், ‘ஜகாட்’ படத்தையும் ‘ஓலா போலா’ படத்தையும் சிறந்த படத்துக்கான பொதுப் பரிசில் சேர்க்காமல், தேசிய மொழியல்லாத படங்களுக்கென்று வகுத்த தனிப் பிரிவில் வைத்தார்கள். இந்நாட்டு மண்ணிலே, இந்நாட்டுப் பிரஜைகள், இந்நாட்டுக் கதையை எடுத்தும் வேற்றார் வரிசையா என்று நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. மலாய்க் கலைஞர்களும் தம் ஆட்சேபத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். பின்னர் விதி மாற்றப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசு ‘ஜகாட்’ படத்துக்கே கிடைத்தது.

அன்று நாம் எல்லோரும் உரிமை முழக்கமிட்டோம். செய்தது சரியே. ஆனால் நம்மை அந்நியர் என்றபோது பொங்கிய நெஞ்சு, நாம் ஒருவனை அந்நியன் என்னும்போது ஏன் பொங்கவில்லை? பரிசு பெற்றபின் ‘ஜகாட்’ நம் பெருமையாயிற்று. பரிசுக்கு முன் அது வெளிவந்த நாட்களில் அதற்கு டிக்கெட் வாங்கியவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சென் சென்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. “சீனத்தி ஒருத்தியோடு நம்மவனைச் சேர்த்துக் காட்டுவதா?” என்று முகம் சுளித்தோரும் உளர். அவள் யார்? வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து வந்தவள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவள். யாரிடம் முறையிடுவது என்று தெரியாதவள். நம் பாட்டி யார்? கங்காணியின் கடன் தலையில் ஏற, நாகப்பட்டினத்திலே கப்பலேறி, பினாங்கில் இறங்கித் தோட்டத்துக்கு வந்தவள். கூலிகளை இவ்வாறு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-ஆம் ஆண்டில் தடைசெய்யும்வரை, ஒப்பந்தம் தொலைந்தபின்னும் கடன் தொலையாத வாழ்வு அது. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நம் பாட்டன் தங்கிய அதே லயத்தில் தங்கி, அதே கணக்குப் பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். அவர்களைக் குறித்து நம்மவர் வாயிலிருந்து வரும் சொற்களை நாம் கேட்டிருக்கின்றோம். அவை நூறாண்டுக்கு முன் நம்மைக் குறித்துத் துரைமார் சொன்ன சொற்களே; மொழிதான் வேறு.

சிவாவும் சென் சென்னும் ஒருவரையொருவர் அறியாதவர். ஆனால் அவனை அவன் தாய் ஏற்கவில்லை, ஊர் ஏற்கவில்லை; அவனுக்கு ஒரு வாய்ச் சோறும் ஒரு வார்த்தையும் கொடுத்தவள் அந்த அயலாள். உறவென்பது இரத்தத்திலா, சாதியிலா, மொழியிலா இருக்கின்றது என்று படம் நம்மைக் கேட்கின்றது. பெரியவர்களுக்கு இப்படம் கசப்பதன் உண்மையான காரணம் இதுவே என்று நாம் கருதுகின்றோம். சிவாவைக் காட்டியதால் அன்று. அவனுக்குச் சாத்தப்பட்ட கதவுகளைக் காட்டியதால். அக்கதவுகள் நம்முடையவை.

செய்யவேண்டுவன

வெறுங்கூச்சல் போடுவது நம் நோக்கமன்று. ஆகவே செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, இத்தகைய படம் வெளிவந்தால் முதல் வாரத்திலேயே காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். சிறு முதலில் எடுத்த படத்துக்கு இரண்டாவது வாரம் கிடைப்பது முதல் வாரத்துக் கூட்டத்தால்தான். திருட்டுப் பிரதியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு “நல்ல முயற்சி” என்று பாராட்டுவோர், எடுத்தவன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அவன் சமையலைப் புகழ்வோர்.

இரண்டாவது, ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். தோட்டமே பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தது. அந்த வழக்கத்தை மண்டபங்களில் மீண்டும் தொடங்கலாம். படம் எடுத்தவரின் அனுமதி பெற்று, அவருக்குரிய தொகையைக் கொடுத்துக் காட்ட வேண்டும். திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் இது முடியும். ‘மஞ்சள் பறவை’ சிறுவர்க்குரியதன்று. பெரியோர் மட்டும் பார்க்கட்டும். பார்த்தபின் எழுந்து ஓடாமல் அரைமணி நேரம் அமர்ந்து பேசட்டும். பெண்களும் பேசட்டும். ஆண் சிறை சென்றால் வெளியிலிருந்து தண்டனை அனுபவிப்பவள் அவளன்றோ!

மூன்றாவது, இதுவே தலையாயது. சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டு முதல் மஞ்சள் ரிப்பன் திட்டம் என்று ஒன்று நடந்துவருகின்றது. சிறை மீண்டவரைச் சமூகம் ஏற்க வேண்டும், வேலை தரவேண்டும் என்பது அதன் நோக்கம். அரசாங்கமும் தொண்டு ஸ்தாபனங்களும் இதனைச் செய்யலாம். ஆனால் சோற்றை இலையில் வைத்து ‘உட்கார்’ என்று சொல்ல வேண்டியது உறவினரும் ஊராரும். நம் சங்கங்களும் ஆலயக் கமிட்டிகளும் ஆண்டுக்கு ஒருவர், ஒரே ஒருவரைத் தம் பொறுப்பில் ஏற்கட்டும். விடுதலையாகும் நாளில் சிறைவாசலுக்கு இருவர் போகட்டும். தங்க ஓர் அறை, செய்ய ஒரு வேலை, ஆறு மாத காலம் விசாரிக்க ஒரு மனிதர், இவ்வளவே வேண்டுவது. கோபுரத்துக்கு வர்ணம் பூசும் பணத்தில் இது பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

இதனைச் செய்துவிட்டுப் பெரியவர்கள் வரட்டும். “இனி எங்களைப் பற்றி இருண்ட படம் எடுக்காதே” என்று இயக்குநரைப் பார்த்துச் சொல்லட்டும். அன்று நாமும் அவர்களோடு சேர்ந்து சொல்லுவோம். அதுவரையில் ராஜகோபாலும் சஞ்சய் குமாரும் அவர்களுக்குப் பின்வரும் இளைஞரும் இருட்டை இருட்டென்றே எடுத்துக் காட்டட்டும். அவர்களை வாழ்த்துகின்றோம். கபாலி தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். சிவா இன்னும் வெளியே நிற்கின்றான்.